காப்புக்குள் ஒரு சனிக்கிழமை

சனிக்கிழமைகளில் மேனுஷா எந்த மைதானத்துக்கும் போவதில்லை. ஊவா மாகாணத்தில், கல்லூரி என்று பேர் கொண்ட ஒன்பது பாடசாலைகள் ஆடும் பெண்கள் வலைப்பந்துப் போட்டிக்கு அட்டவணை போடுகிறவள் அவள்தான். எந்தக் கல்லூரி, எந்தக் கிழமை, யாருடைய மைதானத்தில், யாரோடு ஆடும் என்பதெல்லாம் அவளுடைய மடிக்கணினியிலிருந்துதான் வெளியே வருகிறது. ஆனால் ஆட்டம் நடக்கும் நேரத்தில் அவள் பதுளை நகரத்தில் ஓர் இரும்புக் கடைக்கு மேலேயுள்ள வாடகை அறையில் இருப்பாள். உடுப்புத் துவைத்துக் காயப்போட்டிருப்பாள். கைபேசி ஜன்னல் கட்டையில் கிடக்கும். பின்னேரமானதும் விளையாட்டு ஆசிரியர்கள் ஒவ்வொருவராகப் பெறுபேறு அனுப்புவார்கள். யார் வென்றது என்பதை அவள் இரண்டாவதாகத்தான் பார்ப்பாள். இரண்டு அணியும் வந்து சேர்ந்தனவா என்பதே முதல் கவலை.

"ஒரு மேட்சையாவது போய்ப் பாரேன்டி" என்று நான் இங்கிருந்து எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஒரே விடுதி அறையில் இருந்த உரிமை. நான் நாட்டை விட்டு வந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் பேசிக்கொள்கிறோம். இதில் நான் சொல்வதெல்லாம் அப்படிக் கேட்டதுதான்.

"ஒரு மேட்சுக்குப் போனா அந்தப் பக்கம்னு சொல்லிருவாங்க" என்பாள். "நான் யார் பக்கமும் இல்லைங்கிறதாலதான் ஒன்பது பேரும் என் அட்டவணையை ஒத்துக்கிறாங்க."

முன்பெல்லாம் சீட்டுக் குலுக்கித்தான் போட்டிகளை வைத்தார்கள். ஒரு வருடம் ஓர் அணிக்கு அடுத்தடுத்து மூன்று கிழமை, மூன்று சனியும், தூரத்து ஆட்டமாக விழ, பெற்றோர் கல்லூரி வாசலில் பஸ்ஸை மறித்துக்கொண்டு நின்றார்கள். அதற்குப் பிறகு நடந்த கூட்டத்துக்கு மேனுஷா போனது தற்செயல். அவள் படிப்பிக்கிற கல்லூரியின் விளையாட்டு ஆசிரியருக்குக் காய்ச்சல். கணித டீச்சர் சும்மாதானே இருக்கிறார் என்று அதிபர் அவளை அனுப்பிவிட்டார். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தவள், சண்டை முற்றிய நேரத்தில், "இதைக் கணக்காப் போடலாமே" என்றாள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்த ஒரு வசனத்தோடு வேலை அவள் தலையில் விழுந்தது.

நாங்கள் இருவரும் கடைசி வருடத்தில் படித்த பாடம் அது. புத்தகத்தில் விமானங்களுக்கும் எண்ணெய்க் கப்பல்களுக்கும் போட்டிருந்த கணக்கு. இங்கிலீஷில் படித்ததைத் தமிழில் சொல்ல எனக்கு இன்றைக்கும் நாக்குத் தடுக்கும், அவளுக்குத் தடுக்காது. கணினிக்கு இரண்டே சங்கதிதான் சொல்ல வேண்டும் என்பாள். நடக்கவே கூடாதவை எவை என்பது ஒன்று: பரீட்சைக் கிழமையில் ஆட்டம் கூடாது, போயாப் பௌர்ணமி விடுமுறையில் கூடாது, ஓர் அணி தொடர்ந்து மூன்று கிழமை வெளியே போகக் கூடாது. அவையெல்லாம் மதில்கள். மதில்களுக்குள்ளே நின்றுகொண்டு எதைக் குறைக்கப் பார்க்கிறோம் என்பது இரண்டாவது. அவள் குறைக்கப் பார்த்தது அலைச்சலை. எந்த அணியின் பிள்ளைகள் அதிகமாகப் பஸ்ஸில் கிடக்கிறார்களோ அவர்களைப் பிடி, அவர்களுடைய நேரத்தை எவ்வளவு குறைக்கலாமோ அவ்வளவு குறை. மனிதர் ஆயுளுக்கும் எழுதிப் பார்த்து முடிக்க முடியாத அத்தனை அட்டவணைகளுக்குள்ளே தேடி, ஒன்றை எடுத்துத் தர ஒரு மென்பொருள் உண்டு. இலவசமாகக் கிடைப்பதுதான்.

முதல் வருடமே ஓர் இடத்தில் அவள் முட்டிக்கொண்டு நின்றாள். அந்த இடம் மடுல்சீமை.

மடுல்சீமைத் தோட்டத்துக் கல்லூரிக்கு மைதானம் இல்லை. அதனால் அதன் ஆட்டங்கள் எல்லாமே வெளியே. அலைச்சலில் அதன் பெயர்தான் எப்போதும் உச்சியில் நிற்கும். குறைக்க வழியே இல்லை. குறைக்க முடியாததைக் குறைக்கச் சொன்னால் கணினி அங்கேயே நின்றுவிடும். மற்ற எட்டுக்கும் எந்தக் கண்றாவி அட்டவணையைத் தந்தாலும் உச்சி மாறப்போவதில்லையே. ஆகவே மேனுஷா மடுல்சீமையை அந்தக் கணக்கிலிருந்தும் மூன்று கிழமை மதிலிலிருந்தும் எடுத்துவிட்டாள். 'மடுல்சீமை: மைதானம் இல்லை' என்று ஒரு வரி தட்டினாள். உடனே மற்ற எட்டும் அழகாகச் சமப்பட்டன.

அவள் பிறந்த தோட்டம் அது.

சாதாரண தரப் பதினோராம் வகுப்பு வரைக்கும் அந்தக் கல்லூரியில்தான் படித்தாள். அப்பா, அம்மா இருவரும் அங்கேதான் பேர் பதிந்து வேலை செய்தார்கள். இருவரும் அடுத்தடுத்து இறந்துபோன பிறகு, லயம் என்கிற வரிசை வீடுகளில் அவர்கள் இருந்த ஒற்றை அறைக் காம்பராவைத் தோட்டம் இன்னொரு குடும்பத்துக்குக் கொடுத்தது. அண்ணன் கொழும்பில் ஒரு புடவைக் கடையில். அதன் பிறகு மடுல்சீமைக்குப் போவதென்றால் யார் வீட்டுக்குப் போவது என்று ஒரு கேள்வி இருந்தது. அவள் போகவில்லை.

அட்டவணை போடுகிற நாட்களில் மட்டும் அவளுக்கு ஓயாமல் அழைப்பு வரும். "டீச்சர், எங்களுக்கு முதல் கிழமை மொனராகலையைப் போட்டுறாதீங்க, பிரின்சிபல் மக கல்யாணம்." "மிஸ், எங்க பள்ளிவாசல் கந்தூரியை மறந்துறாதீங்க." வெளியான மறுநாளிலிருந்து, சனி பின்னேரங்களையும் எங்கள் ஞாயிறுகளையும் தவிர, அந்தக் கைபேசி வெறும் கடிகாரம். கீழே கடை நடத்துகிற ஷுக்ரி நானாவின் மனைவி நளீரா மட்டும் படியேறி வந்து கதவைத் தட்டுவார்.

"டீச்சர், புருசன் கோவிச்சிக்கிட்டு வந்து நிண்டாலும் தெறக்க மாட்டீங்க போல. எத்தின தரம் தட்டுற?"

"எனக்கேது ராத்தா புருசன்?"

"அதான் தைரியமா மூடி வெச்சீக்கிறீங்க." சிரித்துக்கொண்டே ஒரு தட்டை நீட்டுவார். மேனுஷா வாங்கிக்கொள்வாள். உள்ளே வாங்க என்று சொல்ல நினைப்பதற்குள் அவர் பாதிப் படி இறங்கியிருப்பார்.

இந்த வருடம் விஷயம் கெட்டது ஓர் அழைப்பில் இல்லை, அழைக்காமல் விட்டதில். எட்டுக் கல்லூரிகளையும் தனித்தனியே அழைத்து, பரீட்சை, திருவிழா, கந்தூரி எல்லாம் கேட்டுத்தான் அவள் மதில்களை எழுப்புவாள். ஒன்பதாவதை மட்டும் கேட்பதில்லை. அது தன் தோட்டம். தெரியாதது என்ன இருக்கிறது? மாரியம்மன் தேர், ஆடிச் சம்பளத்துக்கு அடுத்து வரும் இரண்டாவது சனி. சம்பள நாளை வைத்தே தேரைச் சொல்லிவிடலாம். ஒன்பது ஒற்றைப்படை என்பதால் ஒவ்வொரு சனியும் ஒரு கல்லூரி ஆட்டமில்லாமல் சும்மா இருக்கும்; மடுல்சீமையின் அந்த ஒரே ஓய்வுக் கிழமையை அவள் தேர்ச் சனியில் வைத்தாள். அதற்கு முந்திய சனியில் மொனராகலை ஆட்டத்தை வைத்தாள். எல்லாம் பொருந்தியிருந்தது.

அந்த ஆட்டத்துக்கு ஆறு நாள் இருக்கும்போது மடுல்சீமையின் விளையாட்டு ஆசிரியர் சஜீவன் அழைத்தார். பண்டாரவளைக்காரர், தோட்டத்துக்கு வந்து இரண்டு வருடம்.

"டீச்சர், மொனராகலை மேட்சுக்கு எங்க புள்ளைங்க வர மாட்டாங்க போல இருக்குங்க."

"ஏன் சேர், மறுபடியும் பஸ்ஸா?"

"பஸ் எல்லாம் சரிங்க. கோயிலு. செவ்வாக்கிழமை காப்புக் கட்டுறாங்க."

"தேர் அடுத்த சனிதானே? அன்னைக்கு உங்களுக்கு மேட்சே இல்லையே."

"தேர் அடுத்த சனிதாங்க. காப்பு இந்தச் செவ்வா. காப்புக் கட்டுனப்ப எல்லைக்குள்ள இருந்தவங்க, திருவிழா முடியிற வரைக்கும் பொழுது சாயுறதுக்குள்ள எல்லைக்குள்ள வந்துறணுமாமே. மொனராகலை போயிட்டு எங்க பொழுதுக்குள்ள வர்றது? நேரத்தோட முடிஞ்சாலும், போன தடவை மாதிரி பஸ் நடுவழியில நின்னுட்டா? பொம்பளப் புள்ளைங்களை அனுப்ப மாட்டோம்னு லயமே சொல்லுதுங்க. தோட்டத் தலைவரும் கையை விரிச்சிட்டாரு." கொஞ்சம் தயங்கினார். "நீங்க அந்தத் தோட்டம்தானேங்க? உங்களுக்குத் தெரியாம இருக்குமான்னு நானும் சொல்லாம விட்டுட்டேன்."

மேனுஷாவுக்குத் தெரியும். சின்ன வயதில், காப்புக் கட்டிய கிழமையில், ஆஸ்பத்திரியில் கிடந்த தன் தங்கச்சியைப் பார்க்கப் பதுளைக்குப் போன அப்பா, கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு லொறியில் தொத்திக்கொண்டு வந்து சேர்ந்தது தெரியும். காட்டேரி அடிக்கும் என்று யாரும் பயமுறுத்தியதில்லை. காப்புக்குள் இருக்கிறவர் காப்புக்குள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். இத்தனையும் தெரிந்தும் கணினியில் தேரை மட்டும் போட்டிருந்தாள். பதுளையிலிருந்து பார்க்கிறவர்களுக்குத் திருவிழா என்றால் தேர்தான் தெரியும்.

மடுல்சீமை பருவத்தின் தொடக்கத்திலேயே ஒரு தடவை வராமல் போயிருந்தது; பாதி வழியில் பஸ் நின்றுவிட்டது. இரண்டாவது தடவை வராத அணிக்கு அடுத்த வருடம் இடமில்லை என்பது விதி. இந்தச் சனிக்கிழமை அந்தப் பிள்ளைகள் ஆடாவிட்டால் மடுல்சீமை போட்டியிலிருந்தே போய்விடும்.

போட்டிக் குழுவின் செயலாளரை அழைத்தாள். நகரத்தில் பலசரக்குக் கடை வைத்திருக்கிற மனிதர், அன்பாகத்தான் பேசுவார்.

"அட்டவணை அச்சடிச்சாச்சும்மா. வரலைன்னா வோக் ஓவர்தான். ரெண்டாவது வோக் ஓவர்."

"பிழை என்னுதுங்க. நான் காப்பைச் சேர்க்காம விட்டுட்டேன்."

"உங்க பிழைன்னு யாரு சொன்னா? மழை, பஸ், கோயில்னு அவங்களுக்கு எப்பவும் ஏதாவது ஒன்னு. விடுங்கம்மா, எட்டாச்சுன்னா உங்களுக்கும் லேசுதானே? இந்த ஒத்தப்படைத் தொல்லை இருக்காது."

அதுதான் அவளுக்குத் தைத்தது. எட்டு என்றால் கணக்கு லேசு என்று போன வருடக் கூட்டத்தில் சொன்னவள் அவளே. கணக்கைப் பற்றித்தான் சொன்னாள். செயலாளர் மறக்கவில்லை.

அன்று பின்னேரம் காப்பை ஒரு மதிலாகத் தட்டினாள். முடிந்த ஆட்டங்களை அப்படியே வைத்து, மிச்சச் சனிக்கிழமைகளை மாற்றிப் போடச் சொன்னாள். ஓய்வுக் கிழமையை முன்னால் இழுத்தால் தேரன்று ஆட்டம் விழுந்தது. பின்னால் விட்டால் காப்பில் விழுந்தது. மாலைக்குள் திரும்பி வரக்கூடிய பசறை, பதுளை அணிகளோடு ஏற்கெனவே ஆடி முடித்தாயிற்று. பருவம் முடிந்ததும் தவணைப் பரீட்சை. கணினி கொஞ்ச நேரம் தேடிவிட்டு, தீர்வு இல்லை என்றது.

தீர்வு இல்லை என்று வந்தால் அடுத்து என்ன கேட்பது என்று நாங்கள் படித்திருந்தோம். எந்த மதில்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன, எவற்றில் ஒன்றை இடித்தால் வழி பிறக்கும் என்று கேட்கலாம். அவள் கேட்டாள். மூன்று வரி வந்தது. முதலாவது காப்பு. இரண்டாவது, ஓர் அணிக்கு ஓய்வு ஒரு கிழமைதான் என்பது. மூன்றாவது: 'மடுல்சீமை: மைதானம் இல்லை.'

முதலாவது அம்மனுடையது. இரண்டாவது எண்களுடையது. மூன்றாவதை முதல் வருடத்தில் தானே தட்டிவிட்டு, பிறகு ஒருநாளும் திரும்பிப் பார்க்கவில்லை.

சஜீவனை அழைத்தாள். "சேர், உங்க புள்ளைங்க எங்க பழகுறாங்க?"

"பெரட்டுக் களத்துலதாங்க."

காலையில் வேலைக்குப் போகுமுன் ஆட்கள் கூடி நின்று பேர் கொடுக்கிற இடம் பெரட்டுக் களம். தேயிலைத் தொழிற்சாலைக்கு முன்னால், சீமெந்து போட்ட பெரிய வெளி.

"அளவு போதுமா?"

"போதுங்க, தாராளமா. ரெண்டு பக்கமும் குழாய்க் கம்பம் கூட நட்டிருக்கோம், ஃபெக்டரி ஃபிட்டர் செஞ்சு குடுத்தாரு. மேனேஜர் தொரை ஒன்னும் சொல்ல மாட்டாரு, சனிக்கிழமை அங்க வேலை இல்லை."

"எவ்வளவு நாளா இருக்கு அது?"

"நான் வந்த வருஷமே. யாரும் கேக்கலைங்களே டீச்சர்."

மூன்றாவது வரியை அழித்தாள். கணினி கண் மூடித் திறப்பதற்குள் அட்டவணையைத் தந்தது. ஒரே ஒரு மாற்றம்: மடுல்சீமை போவதற்குப் பதிலாக மொனராகலை வரும். அடுத்த வருடம் அந்த ஆட்டத்தை மொனராகலையில் வைத்துத் திருப்பிக் கொடுத்துவிடலாம். இனி மொனராகலைக்காரர்கள் சம்மதிக்க வேண்டும். அவர்களுடைய விளையாட்டு ஆசிரியர் ஜஸீலுக்கு வாய் கொஞ்சம் நீளம்.

"மடுல்சீமைக்கா? டீச்சர், அந்த ரோட்ட எங்கட பஸ் ட்ரைவர்ட்ட சொன்னா அவன் இப்பவே லீவு போடுவான்."

"பகல்லயே திரும்பிறலாம் சேர். பதினொரு மணிக்கு ஆரம்பிச்சா நேரத்தோட பசறைக்கு வந்துருவீங்க. பொழுது சாய முன்ன நீங்க எல்லையைத் தாண்டவும் வேணும், அதுவும் அங்க ஒரு முறை. நான் கடிதத்துல எழுதியே அனுப்புறேன்."

"எங்கட கிரவுண்டுல நாங்க கோடெல்லாம் போட்டு வெச்சீக்கிறோம். வோக் ஓவர் எண்டா எங்களுக்குப் புள்ளி சும்மா வரும். நாங்க ஏன் மலை ஏறோணும்? சொல்லுங்கொ பாப்பம்."

"கணக்கு அப்படித்தான் சொல்லுது சேர்."

"கணக்குச் சொல்லுதா, நீங்க சொல்றீங்களா? டீச்சருக்கு ஊர்ப் பாசம் வந்துட்டுப் போல."

யாரும் அவளிடம் இதுவரை கேட்காத கேள்வி. கணக்கு சொல்கிறது என்று இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம், பொய்யும் இல்லை.

"நான்தான் சொல்றேன் சேர்" என்றாள். "பிழை விட்டதும் நான்தான். அந்தப் புள்ளைங்க வர முடியாம போனா அடுத்த வருஷம் அவங்க இல்லை. நீங்க வந்தா இருப்பாங்க."

ஜஸீல் செருமினார். "எங்கட புள்ளைகளும் சும்மா வாற புள்ளிய வாங்கிக்கிட்டுச் சந்தோசப்பட மாட்டாளுவள். சரி, வாறோம். ஒரு நிபந்தனை. நீங்க பசறையில எங்கட பஸ்ல ஏறோணும். வழி தெரியாம எந்த மலையிலயும் போய் நிக்க எங்களுக்கு ஏலா."

இரண்டு கல்லூரியும் ஒத்துக்கொண்ட பிறகு செயலாளரும் சரி என்றார். அப்படித்தான் மேனுஷா தன்னுடைய அட்டவணையிலுள்ள ஓர் ஆட்டத்தைப் பார்க்க முதல் தடவையாகப் புறப்பட்டாள். வெள்ளிக்கிழமை பின்னேரம் ஒரு பையில் மாற்றுடுப்பு, பல் தூரிகை, ஒரு சால்வை எல்லாம் எடுத்து வைத்தாள். நளீரா ராத்தாவிடம் ஞாயிறுதான் வருவேன் என்றாள். எங்கே தங்கப் போகிறாள் என்று அவர் கேட்கவில்லை. நான் கேட்டேன். "பார்ப்போம், தோட்டத்துல எடமா இல்லை?" என்றாள். அந்த மலைப்பாதையின் வளைவுகளை நான் வரைபடத்தில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். போய்ச் சேர்ந்ததும் செய்தி போடு என்றதற்கு, அங்கே என் சிம்முக்குச் சிக்னல் இல்லையடி என்று சிரித்தாள்.

பசறையிலிருந்து மேலே ஏறும்போது பஸ் முழுக்கப் பாட்டு. மொனராகலைப் பிள்ளைகளில் பாதிப் பேர் தேயிலை மலையை இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. ட்ரைவர் மட்டும் வாய் திறக்கவில்லை. தோட்டத்து எல்லைப் பாலத்தில் பாதைக்குக் குறுக்கே வேப்பிலைத் தோரணம் கட்டியிருந்தது. மஞ்சள் நூல் கட்டிய கையோடு ஓர் ஆள் பஸ்ஸை நிறுத்தி, செம்பிலிருந்து சக்கரங்களுக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்தார்.

"இது வரி ஒண்டும் இல்லதானே?" என்று ஜஸீல் கேட்டார்.

"இல்லைங்க, சளி புடிக்காம இருக்க" என்று அந்த ஆள் முகத்தை மாற்றாமல் சொல்ல, பஸ் முழுதும் சிரித்தது.

பெரட்டுக் களத்தில் தோட்டமே கூடியிருந்தது. காப்புக் கட்டிய கிழமையில் எங்கே போவார்கள்? வேறு சனிக்கிழமை என்றால் பாதிப் பேர் பசறைச் சந்தையில் இருந்திருப்பார்கள். சுண்ணாம்பால் கோடு போட்டிருந்தது. கோயில் ஒலிபெருக்கியைத் தூக்கி வந்து தொழிற்சாலைப் படியில் வைத்து, சஜீவன் சேர் அதில் ஆட்டத்தைச் சொன்னார். கோல் விழும்போதெல்லாம் யாரோ உடுக்கை அடித்தார்கள். ஆடி மாதத்துக் கச்சான் காற்று மலையிடுக்கிலிருந்து குறுக்கே வீசியது. மொனராகலைப் பிள்ளைகள் எறிந்த பந்து வளையத்துக்கு அருகில் போய்ப் பக்கவாட்டில் சரிந்தது. மடுல்சீமைக்குக் கோல் போடுகிற கம்சலா என்கிற பிள்ளை, காற்றைக் கணக்கில் வைத்து, வளையத்துக்கு ஒரு சாண் தள்ளி எறிந்தாள். பந்து தானாக வந்து உள்ளே விழுந்தது.

"அது எம் மக" என்று காதுக்குள் ஒரு குரல். திரும்புவதற்குள் ஒரு கை இடுப்பைச் சுற்றி வளைத்தது. விஜயலெட்சுமி. சாதாரண தரம் வரை ஒரே வாங்கில் உட்கார்ந்தவள். பரீட்சை முடிந்த கையோடு கொழுந்து பறிக்கப் போனவள், மறு வருடம் கல்யாணமும் கட்டிக்கொண்டாள்.

"ஏய் மேனு! தூரத்துல பாத்து யாரோ இன்ஸ்பெக்டர்னு நெனைச்சேன்டி. என்னா, தின்னுறதே இல்லையா? குச்சி மாதிரி நிக்கிறே."

"நீ மட்டும் என்ன, பெரட்டுக் களம் பத்தலை உனக்கு."

"வாய் மட்டும் பதுளைக்குப் போயும் கொறையல பாரு."

கடைசிக் கால்வாசியில் மொனராகலைப் பிள்ளைகளும் காற்றைப் படித்துக்கொண்டார்கள். இரண்டு கோல் வித்தியாசத்தில் மொனராகலை வென்றது. உடுக்கைக்காரர் அதற்கும் அடித்தார். யார் வென்றது என்பதை மேனுஷா அன்றும் இரண்டாவதாகத்தான் பார்த்தாள். முதலில் பார்த்தது கம்சலாவை. தோற்றுவிட்டு வந்து, வியர்வையோடு அம்மாவின் முந்தானையில் முகம் துடைத்துக்கொண்டிருந்தாள் பிள்ளை.

களத்திலேயே எல்லாருக்கும் சோறு போட்டார்கள். சாப்பிட்ட பிறகு விஜயலெட்சுமி அவளை லயத்துப் பக்கம் கூட்டிப் போனாள். மேனுஷாவின் பழைய காம்பராவுக்கு நீலக் கதவு போட்டிருந்தார்கள். வாசலில் தெரியாத ஒரு குழந்தை நின்று அவளைப் பார்த்தது. அவள் பையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினாள். அப்போதுதான் விஜயலெட்சுமி பையைக் கவனித்தாள்.

"என்னாடி இது, இவ்வளவு பெரிய பையி?"

"ராவைக்கு இருந்துட்டு, காலையில பூசை பாத்துட்டுப் போகலாம்னு. உன் காம்பராவுல ஒரு மூலை குடேன்."

விஜயலெட்சுமியின் முகம் முதலில் மலர்ந்தது. பிறகு எதையோ எண்ணிப் பார்ப்பவள்போல நின்றாள்.

"செவ்வாக்கிழமை நீ எங்க இருந்த?"

"பதுளையில."

"காப்புக்கு உள்ள இல்லையா?"

"இல்லை."

"ஏண்டி, இங்க பொறந்தவ உனக்குமா அந்த முறை? இரு, தலைவரைக் கேப்போம்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

தோட்டத் தலைவர் பஸ்ஸுக்குப் பக்கத்தில் நின்று மொனராகலைப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு வாழைப்பழம் கொடுத்துக்கொண்டிருந்தார். கேட்டதும் பழச் சீப்பைக் கீழே வைத்தார். கடுமை எதுவும் இல்லை.

"தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர். உங்கப்பா எங்க கூட ஒரே மலையில வேலை செஞ்ச மனுசன். ஆனா முறைன்னு இருக்கில்ல? காப்புக்கு உள்ள இருந்தவங்க உள்ள. மத்தவங்க பொழுது சாய முன்ன தாண்டிறணும். உங்களுக்கு நான் சொல்லணுமா? நீங்களே கடிதத்துல அழகா எழுதியிருந்தீங்களே, சஜீவன் சேர் படிச்சுக் காட்டினாரு."

எழுதியிருந்தாள். வெளியாட்கள் பொழுது சாய்வதற்குள் எல்லையைக் கடந்துவிட வேண்டும் என்று, மொனராகலை பஸ்ஸுக்காக.

"ஆமாங்க" என்றாள். "சரிதாங்க."

விஜயலெட்சுமி பஸ் வரைக்கும் வந்தாள். ஏறும்போது ஒரு பொட்டலம் சோற்றைப் பைக்குள் திணித்தாள். "அடுத்த வருஷம் காப்புக்கு முந்தின நாளே வந்துரு, டீச்சர்" என்றாள். மகள் பக்கத்தில் நின்றதால் அப்படிச் சொல்லியிருக்கலாம். மேனு என்று தொடங்கிய பகல் டீச்சர் என்று முடிந்ததை மேனுஷா எனக்கு இரண்டு தடவை சொன்னாள்.

வேப்பிலைத் தோரணத்தைத் தாண்டும்போது வெளிச்சம் நிறையவே இருந்தது. பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து தூங்கிவிட்டார்கள். அவள் முன் ஆசனத்தில் பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். ஜஸீல் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். அன்று முதல் தடவையாக அவர் வாயைத் திறக்கவில்லை. பசறைக்கு வந்ததும் கைபேசி உயிர் பெற்று, மற்ற மைதானங்களின் பெறுபேறுகள் வரிசையாக விழுந்தன. மடுல்சீமை ஆட்டத்தின் பெறுபேற்றை மட்டும் அவள்தான் அனுப்ப வேண்டும். செயலாளருக்குத் தட்டினாள்: இரண்டு அணியும் வந்தன. அனுப்பிய பிறகுதான் கோல் எண்ணிக்கையை எழுத மறந்தது தெரிந்து, இன்னொரு செய்தி போட்டாள். அவரிடமிருந்து ஒரு கட்டைவிரல் வந்தது. ஒன்பது, ஒன்பதாகவே இருந்தது.

"நாளைக்கி எண்டுதானே சொன்னீங்க?" என்று கீழே கடைப் படியில் நளீரா ராத்தா கேட்டாராம். "ராத்தா, சோறு இருக்கு, சேர்ந்து சாப்பிடுவோமா?" என்று கேட்க நினைத்தாளாம். கடையில் ஆள் நின்றதால் மேலே போய்விட்டாள்.

மறுநாள் பேசினோம். அடுத்த வருடம் கணினியில் மடுல்சீமையையும் மற்றவற்றோடு சேர்த்துத்தான் போடப் போகிறாள். அதற்கும் இனி உள்ளூர் ஆட்டம் உண்டு, அலைச்சலைக் குறைக்க வழி உண்டு. சஜீவனை முதல் ஆளாக அழைப்பாள். "காப்புக் கட்டுற செவ்வாக்கிழமைக்கு இப்பவே லீவு சொல்லி வைக்கப் போறேன்" என்றாள். "திங்கக்கிழமையே போயிருவேன்."

"திங்கட்கிழமை ராத்திரி எங்கே தங்குவாய்?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

அவள் பக்கம் ஏதோ பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது நின்றது.

"அதை இன்னும் யார்கிட்டயும் கேக்கலைடி" என்றாள். பிறகு இங்கே குளிர் எப்படி இருக்கிறது என்று கேட்டாள்.